வால்வுக்குள் இருக்கும் வில்லங்கம்: அணு உலைகளில் கோபாற்றுக்கு மாற்றுத் தேடும் கதை



கடந்த மாத உரையில் கொங்கோ நாட்டுச் சுரங்கங்களைப் பற்றிப் பேசும்போது, எமது கைத்தொலைபேசியின் மின்கலத்துக்குள் கோபாற்று என்ற உலோகம் இருக்கின்றது என்று சொல்லியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு லாச்சப்பலில் இருந்து ஓர் அம்மா தொலைபேசி எடுத்தார். "தம்பி, போனுக்குள்ளையும் கோபாற்று எண்டு சொல்லுறியள். மகரகமவில என்ர மனிசனுக்குப் பிடிச்ச கரண்டும் கோபாற்று எண்டுதான் டொக்ரர் சொன்னவர். அணு உலையிலையும் அதுதான் பிரச்சினையாம் எண்டு மகன் சொல்லுறான். உது எல்லாம் ஒண்டோ, வேற வேறயோ?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அந்த இடத்தில் இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இது இரண்டு வார்த்தையில் முடிகிற விடயம் அல்ல. திரான்சியில் வால்வுகள் செய்யும் வேலைத்தளம் ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தோடு நின்றவன் என்ற வகையில், இந்த உலோகத்தோடு எனக்குக் கொஞ்சம் பழக்கமும் உண்டு. ஆகவே இம்மாத உரையை இதற்கே ஒதுக்கினேன். அதன் எழுத்து வடிவம்தான் இது.

முதலில் அம்மாவின் கேள்விக்கு வருவோம். உலோகம் ஒன்றுதான். அதன் அணுக்கரு வேறு. இயற்கையில் கிடைக்கும் கோபாற்று முழுவதும் ஒரே வகை. அதன் கருவில் 27 புரோத்தன்களும் 32 நியூத்திரன்களும் உள்ளன. கூட்டினால் 59. இந்தக் கோபாற்று-59 சாதுவானது, கதிர் வீசாது. கைத்தொலைபேசியில் இருப்பது இதுதான். ஆனால் அணு உலைக்குள் பறந்து திரியும் நியூத்திரன் ஒன்று இதன்மேல் பட்டால், கோபாற்று அதனை இலகுவாக விழுங்கிவிடும். 59 என்பது 60 ஆகும். அந்தக் கோபாற்று-60 நிலையில்லாதது. அது நிக்கலாக மாறும்போது ஒவ்வொரு அணுவும் மிகவும் ஊடுருவும் தன்மையுள்ள இரண்டு காமாக் கதிர்களை வெளியே விடும். மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் பயன்பட்ட இயந்திரங்களுக்குள் இருந்தது இந்தக் கோபாற்று-60 தான். அங்கே அது தடித்த ஈயப் பெட்டிக்குள் அடைபட்டிருந்து, வைத்தியர் சொல்லும் இடத்துக்கு, சொல்லும் நேரத்துக்கு மட்டும் கதிரை அனுப்பியது.

இதன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டுகள். அதாவது இன்று இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஐந்து ஆண்டும் சில மாதங்களும் எடுக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறக்குறைய 53 ஆண்டுகள். இது ஒரு பொல்லாத காலக்கணக்கு. ஓரிரு நாளில் அழிவதென்றால் ஒரு கிழமை காத்திருந்துவிட்டு வேலைக்குப் போகலாம். பல்லாயிரம் ஆண்டு எடுப்பதென்றால் அது மெல்ல மெல்லத்தான் கதிர் வீசும். கோபாற்று-60 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காத்திருந்து தீர்க்க முடியாத அளவுக்கு நீண்டது, ஒரு மனிதனின் வேலைக்காலத்துக்குள் கடுமையாகச் சுடுகிற அளவுக்குக் குறுகியது.

எவ்வளவு கடுமை என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்கிரோகிராம் கோபாற்று-60 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு அகலமுள்ள துணுக்கு. தலைமயிரின் தடிப்புக்கூட வராது. அதிலிருந்து 10 சென்ரிமீற்றர் தூரத்தில் கையை வைத்திருந்தால், மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிசீவேட் என்ற அளவில் கதிர் படும். பிரான்சில் அணுத்துறைத் தொழிலாளி ஒருவரின் உடல் பன்னிரண்டு மாதத்தில் பெறக்கூடிய உச்ச அளவு 20 மில்லிசீவேட். பொதுமக்களுக்கு 1 மில்லிசீவேட். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்குக்கு அருகில் ஒரு மணி நேரம் நின்றாலே பொதுமக்களுக்குரிய ஓராண்டு அளவு கடந்துவிடும்.

இந்த உலோகம் அணு உலைக்குள் எதற்குப் போனது? யாரும் அதனை எரிபொருளாகப் போடுவதில்லை. அது போனது வால்வுக்குள்ளால்.

வீட்டுத் தண்ணீர்க் குழாயின் திருகியை நினைத்துப் பாருங்கள். அதனுள்ளே ஒரு றப்பர் வளையம் இருக்கும். அது தேய்ந்தால் தண்ணீர் சொட்டும். மாற்றிவிடுவோம். அணு உலையில் ஓடும் தண்ணீர் ஏறக்குறைய 300 பாகை செல்சியஸ் சூடு, வளிமண்டல அழுத்தத்தைப்போல 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம். அங்கே றப்பர் நிற்காது. உலோகத்தின்மேல் உலோகம் உட்கார்ந்துதான் அடைக்கவேண்டும். எண்ணெய் பூசவும் முடியாது. துருப்பிடிக்காத உருக்கை அதே உருக்கின்மேல் அந்த அழுத்தத்தில் அரைய விட்டால், இரண்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பலவந்தமாகத் திறந்தால் ஒன்றின் சதையை மற்றது பிய்த்துக்கொண்டு வரும். பிறகு அந்த வால்வு ஒழுகும், அல்லது இறுகி நின்றுவிடும். அணு உலையில் மூடவேண்டிய நேரத்தில் மூடாத வால்வு என்பது சின்ன விடயம் அல்ல.

இந்தப் பற்றுதலுக்கு மருந்தாக வந்ததுதான் ஸ்ரெலைட். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த எல்வூட் ஹெயின்ஸ் என்பவர் 1907 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்நாட்டின் முதல் மோட்டார் கார்களில் ஒன்றைச் செய்து ஓட்டியவரும் இவர்தான். வெள்ளி போல மின்னியதால் இலத்தீன் மொழியில் நட்சத்திரம் என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தார். வால்வுகளில் அதிகம் பயன்படும் ஆறாம் இலக்க ஸ்ரெலைட்டில் ஏறக்குறைய 60 வீதம் கோபாற்று, 28 வீதம் குரோமியம், மிகுதி தங்குதன், காபன் முதலியன. இதனை வால்வின் இருக்கையிலும் மூடியிலும் சில மில்லிமீற்றர் தடிப்பில் உருக்கி ஒட்டுவார்கள். பிறகு கடைந்து, சாணை பிடித்து, கண்ணாடி போல ஒப்பமாக்குவார்கள்.

கடைசல் இயந்திரத்தில் இதனைப் பிடித்தவர்களுக்கு இதன் குணம் தெரியும். சாதாரண உருக்கு நீளமான சுருளாகச் சீவுண்டு வரும். ஸ்ரெலைட் அப்படி இல்லை. துகள் துகளாக உதிரும், வெட்டும் அலகை மழுக்கிப்போடும். எங்கள் வேலைத்தளத்தின் பழைய மேற்பார்வையாளர் ஒரு போர்த்துக்கேயர். "இதை அவசரப்படுத்தினால் இது உன்னை அவசரப்படுத்தும்" என்பார். இதன் பலம் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. காபனும் குரோமியமும் சேர்ந்த மிகக் கடினமான மணிகள் உள்ளே பரவிக் கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கோபாற்றோ, மேலே அழுத்தம் வரும்போது தன் பளிங்கு அடுக்கையே மாற்றிக்கொண்டு மேற்பரப்பில் இன்னும் இறுகிவிடும். ஆகவே தேய்க்கத் தேய்க்க வழுக்குமே தவிரப் பற்றிக்கொள்ளாது. இப்படி ஒரு குணம் வேறு உலோகத்துக்கு எளிதில் வாய்க்கவில்லை. எல்லாத் தொல்லைக்கும் காரணம் அதுதான்.

வால்வு திறந்து மூடும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சூடான நீரில் அரித்தும் கரையும். தேய்வது ஆண்டுக்குச் சில கிராம் என்றாலும் அது போகும் இடம்தான் வினை. உலையின் முதற்சுற்று நீர் ஓயாமல் எரிபொருட் கோல்களைச் சுற்றி ஓடுகிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் பரிஸ் குழாய்த் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். கேத்திலின் அடியில், சூடு கூடிய இடத்தில், வெள்ளையாகப் படியும். அதேபோல உலை நீரில் மிதக்கும் நுண்ணிய உலோகத் துகள்களும் கரைசலும் சூடான எரிபொருட் கோல்களின் மேல் படிகின்றன. அங்கே மாதக்கணக்கில் நியூத்திரன் மழையில் நனைந்து கோபாற்று-60 ஆகின்றன. பிறகு மறுபடி உரிந்து, கரைந்து, நீரோடு போய் குழாய்களின் உட்சுவரிலும் நீராவிப் பிறப்பாக்கியின் வயிற்றிலும் வால்வுகளின் மூலைகளிலும் படிகின்றன. ஒருநாளும் உலையின் மையத்தைக் கண்டிராத ஒரு குழாய், வெளியே நின்று வேலைசெய்யும் மனிதன்மேல் கதிர் வீசத் தொடங்குவது இப்படித்தான்.

ஸ்ரெலைட் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்லவில்லை. நீராவிப் பிறப்பாக்கி ஒவ்வொன்றிலும் 3,000 க்கும் மேற்பட்ட மெல்லிய குழாய்கள் உள்ளன. அவை நிக்கல் கலப்புலோகத்தால் ஆனவை. அந்த நிக்கலிலும் அழுக்காகச் சிறிதளவு கோபாற்று கலந்திருக்கும். வீதத்தில் மிகச் சிறியது, பரப்பளவில் மிகப் பெரியது. போதாக்குறைக்கு நிக்கலே வேகமான நியூத்திரன் பட்டால் கோபாற்று-58 ஆக மாறும். அதன் அரைவாழ்வுக் காலம் 71 நாள். உலையை நிறுத்தித் திறக்கும்போது தொழிலாளர் பெறும் கதிரின் பெரும்பகுதி இந்த 58, 60 என்ற இரண்டு சகோதரர்களிடமிருந்தே வருகிறது. தம்பி சில மாதத்தில் அடங்கிவிடுவான். அண்ணன்தான் ஆண்டுக்கணக்கில் நிற்பவன்.

யார்மேல் படுகிறது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்பினேன். பிரான்சில் இப்போது 18 இடங்களில் 57 உலைகள் உள்ளன. கடைசியாக 2024 டிசெம்பரில் பிளமோன்வில் மூன்றாம் உலை மின்வலையில் இணைந்தது. எமக்கு மிக அருகில் இருப்பது நோஜோன்-சூர்-சென். பரிசிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர், நாம் பார்க்கும் அதே சென் நதியின் மேற்பக்கம். உலைகள் 12 மாதத்துக்கோ 18 மாதத்துக்கோ ஒரு தடவை எரிபொருள் மாற்ற நிறுத்தப்படும். உலை ஓடும்போது அதன் அருகே யாரும் போவதில்லை. நிறுத்திய பிறகுதான் வேலை. வால்வுகளைக் கழற்றுவோர், ஒட்டுவேலை செய்வோர், குழாய் பரிசோதிப்போர், சாரம் கட்டுவோர், வெப்பக் காப்புத் துணியை உரிப்போர், துப்புரவு செய்வோர் என்று நூற்றுக்கணக்கானவர்கள் உள்ளே போவார்கள். இவர்களில் பெரும்பாலானோர் மின்சார நிறுவனத்தின் ஆட்கள் அல்லர். ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். இந்தக் கிழமை நோஜோன், அடுத்த மாதம் வேறோர் ஊர் என்று வாகனத்தோடு திரிபவர்கள். நாட்டின் அணுத்துறையில் மனித உடல்கள் பெறும் கதிரின் பெரும்பங்கு இவர்களுடையதுதான்.

இதற்குள் ஒரு விசித்திரம் இருக்கிறது. வால்வு ஒழுகாமல் இருக்க, பழுதுபார்ப்பவர் அதன் ஸ்ரெலைட் இருக்கையை அரைத்து ஒப்பமாக்குவார். அரைக்கும்போது உதிரும் தூள் கோபாற்றுத் தூள். அதனைத் துடைத்து எடுக்காமல் வால்வை மூடினால், உலை மறுபடி ஓடும்போது அந்தத் தூள் நேரே எரிபொருளிடம் போகும். அடுத்த நிறுத்தத்தில் கோபாற்று-60 ஆகத் திரும்பி வந்து அதே பழுதுபார்ப்பவரைப் பார்க்கும். ஆகவே அரைக்கும் இடத்தைச் சுற்றிக் குழாய்களை அடைத்து, தூளை உறிஞ்சி எடுத்து, துடைத்த துணியையும் எண்ணிக் கணக்கு வைக்கவேண்டும் என்பது விதி. நேரம் குறைவு, வெளியே கதிரளவி சத்தம் போடுகிறது, உடுப்புக்குள் வியர்வை ஓடுகிறது. அந்த நிலையில் துடைப்பதற்கென்று இன்னும் பத்து நிமிடம் நிற்பது எளிதல்ல. என்றாலும் அந்தப் பத்து நிமிடம் வரப்போகும் பல மணி நேரங்களைக் காப்பாற்றுகிறது. வேலை அட்டவணை போடும் மேசைக்காரர்கள் இந்தப் பத்து நிமிடத்தை முதலில் வெட்டக்கூடாது என்பது என் அபிப்பிராயம்.

திரான்சியில் இருக்கும் எமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. திரான்சி – லெ பூர்ஜே புகையிரதத் தரிப்பிடம் வழியாகத்தான் நோஜோனில் பயன்படுத்தி முடித்த எரிபொருள், நோர்மண்டியில் உள்ள லா ஹாக் ஆலைக்குப் போவது. 2013 டிசெம்பர் 23 அன்று அப்படிப் போன வண்டி ஒன்று இந்தத் தரிப்பிடத்தில் தடம் விலகியது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் கவிழவில்லை, கசிவும் இல்லை. அதற்கு முன்னர் 1998 இல், லா ஹாக்குக்கு அருகே வலோஞ் நிலையத்துக்கு வந்த பல எரிபொருட் கலன்களின் வெளிப்புறத்தில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 4 பெக்கரல் என்ற எல்லையை மீறிய மாசு இருந்தது வெளியே தெரியவந்து, போக்குவரத்தே சில காலம் நிறுத்தப்பட்டது. எரிபொருளை ஏற்றும்போது கலனை நீர்த்தொட்டிக்குள் இறக்குவார்கள். அந்த நீரில் கிடக்கும் துணுக்குகள் வெளித்தோலில் ஒட்டிக்கொண்டு வருகின்றன. வால்வில் தேய்ந்த உலோகம் ஊர் சுற்றும் வழிகளில் இதுவும் ஒன்று. வீதியில் போகிறவர் இதற்காகப் பயந்து வீடு மாறத் தேவையில்லை. அந்தக் கலனைக் கழுவுபவரும் வண்டியைக் கொழுவுபவரும் கவனிக்கவேண்டிய விடயம் இது.

ஆக, ஸ்ரெலைட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் என்ன?

இந்த முயற்சி பலமாகத் தொடங்கியதற்கு முதற்காரணம் தொழிலாளியின் உடல்நலம் அல்ல, விலை. 1978 மே மாதம் அன்றைய சயீர் நாட்டின் ஷாபா மாகாணத்துக்குள் கிளர்ச்சியாளர் புகுந்தனர். பிரெஞ்சுப் படையினர் கொல்வேசி நகரில் வானத்திலிருந்து குதித்தது அப்போதுதான். இங்குள்ள வயதான பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். உலகின் கோபாற்றில் பெரும்பங்கு அந்தப் பகுதியிலிருந்து வந்ததால் விலை பல மடங்கு ஏறியது. கோபாற்று இல்லாத வன்பூச்சு ஒன்றைத் தேட உலோகவியலாளர்களுக்கு அது ஒரு தூண்டுதல். அணுத்துறையினருக்கோ கதிர் என்ற இரண்டாவது காரணமும் ஏற்கனவே கையில் இருந்தது.

அமெரிக்காவின் மின்னாற்றல் ஆய்வு நிறுவனம் 1980களில் நோரெம் என்ற இரும்புக் கலப்புலோகத்தை உருவாக்கியது. விலை மலிவு, ஒட்டுவதும் இலகு, கோபாற்று சேர்ப்பதில்லை. அறைச் சூட்டில் பரிசோதித்தால் ஸ்ரெலைட்டுக்குச் சமமாக நின்றது. ஆனால் சூடு ஏற ஏற வேறு கதை. ஏறக்குறைய 190 பாகைக்கு மேல் அது மெல்லத் தேய்வதை விட்டுவிட்டு, பற்றிப் பிய்க்கும் குணத்துக்கு மாறிவிடுகிறது என்று தென்கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உலை நீரோ 300 பாகை. ஆகவே சூடு குறைந்த, அழுத்தம் குறைந்த இடங்களுக்கு அது சரி. மிகக் கடுமையான இடங்களுக்கு யோசிக்கவேண்டும். மாற்று உலோகம் என்பது பரிசோதனைக்கூடத்தில் ஒரு தரம் வென்றால் போதாது, நாற்பது ஆண்டு ஒருநாளும் இறுகாமல் நிற்கவேண்டும் என்பதை இது காட்டியது.

ஜேர்மனியர் வேறு வழியால் போனார்கள். ஒவ்வொரு வால்வாக மாற்றாமல், உலையை வரையும் மேசையிலேயே கோபாற்றை இயன்றவரை ஒதுக்கினார்கள். கொன்வோய் என்ற வகையைச் சேர்ந்த ஈசார் 2, எம்ஸ்லாண்ட், நெக்கார்வெஸ்ற்ஹைம் 2 ஆகிய மூன்று உலைகளும் 1988, 1989 அளவில் இயங்கத் தொடங்கின. அவற்றின் தொழிலாளர்கள் பெற்ற கதிர் அளவு, அதே நாட்டின் முந்தைய உலைகளைவிடப் பெருமளவு குறைவு. மூன்றும் 2023 ஏப்ரல் 15 அன்று மூடப்பட்டன. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் வரவில்லை. ஆனால் மூடிய உலையைப் பிரித்து எடுக்கும் வேலையும் மனிதர்தான் செய்யவேண்டும். அவர்களுக்கும் அந்த 1980களின் முடிவு இப்போது உதவுகிறது.

இனி எம் மொழி பேசும் மண்ணுக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே, கடற்கரையில் இருக்கும் கல்பாக்கத்தில் 500 மெகாவாற்று வேக ஈனுலை ஒன்று கட்டப்பட்டது. வேலை தொடங்கியது 2004 இல். உலையின் மையத்தை நிரப்பும் பணி ஆரம்பமானது 2024 மார்ச்சில். இடையில் இருபது ஆண்டுகள். தாமதத்தைப் பற்றிப் பேச நிறைய உண்டு, அது இன்றைய தலைப்பல்ல. அங்கே குளிர்விப்பது நீர் அல்ல, உருகிய சோடியம். சூடு 550 பாகை வரை போகும். சோடியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உருக்கின் மேலே இயல்பாக இருக்கும் மெல்லிய ஒட்சைட்டுத் தோலை அது உரித்துவிடும். தோல் இல்லாத இரண்டு உலோகங்கள் சூட்டில் அழுத்தமாகத் தொட்டுக்கொண்டு நின்றால் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே வன்பூச்சு இன்னும் அவசியம். வழக்கப்படி பார்த்தால் ஸ்ரெலைட்தான்.

ஆனால் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் முதலில் கதிரைக் கணக்குப் பார்த்தார்கள். பராமரிக்கும்போது எவ்வளவு, பாகங்களைக் கழற்றிக் கையாளும்போது எவ்வளவு, காலம் முடிந்து உலையைக் கலைக்கும்போது எவ்வளவு, அதற்கு எத்தனை தடிப்பில் ஈயக் கவசம் வேண்டும் என்று பார்த்துவிட்டு, ஸ்ரெலைட்டை ஒதுக்கி நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கொல்மொனோய் என்ற கலப்புலோகத்தைத் தெரிவு செய்தார்கள். ஏ. கே. பாதுரி முதலானோர் 2004 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இதன் காரணங்கள் விளக்கப்பட்டிருக்கின்றன. எனக்குப் பிடித்தது, அவர்கள் உலோகத்தின் பெயரை மாற்றியதோடு நிற்கவில்லை என்பது. அதனை எப்படி ஒட்டுவது என்பதையும் தலைகீழாக யோசித்தார்கள்.

ஒட்டுவேலை தெரிந்த நேயர்களுக்கு இது விளங்கும். பூச்சு உலோகத்தை உருக்கி ஊற்றும்போது, கீழே இருக்கும் உருக்கும் கொஞ்சம் உருகிக் கலக்கும். பாலுக்குள் தண்ணீர் கலந்த மாதிரி. கலந்த பகுதியில் கடினம் குறைந்துவிடும். நாம் இங்கே திக் என்று சொல்லும் சாதாரண தங்குதன் வில் முறையில், ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் தடிப்பு வரை இந்தக் கலப்படம் இருந்ததைக் கண்டார்கள். பூசுவதே சில மில்லிமீற்றர் என்னும்போது அதில் பெரும்பகுதி தண்ணீர்ப் பால் என்றால் என்ன பயன்? எனவே பிளாஸ்மா வில்லைக்கொண்டு தூளாக ஊட்டி ஒட்டும் முறைக்கு மாறினார்கள். அதில் அடி உருக்கு மிகக் குறைவாகவே கலக்கும். அடுத்த கேள்வி, 550 பாகைச் சூட்டில் நாற்பது ஆண்டு கிடந்தால் இந்தப் பூச்சு இளகிவிடாதா என்பது. நாற்பது ஆண்டு காத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே மேலும் உயர்ந்த சூட்டில் குறுகிய காலம் வைத்து, அதிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தார்கள். நாற்பதாம் ஆண்டின் முடிவிலும் அதன் கடினம் போதுமானதாகவே இருக்கும் என்று முடிவு வந்தது.

விலை இல்லாமல் எதுவும் இல்லை. கொல்மொனோய் ஸ்ரெலைட்டைவிட நொய்ந்து போகும் தன்மையுள்ளது. ஒட்டி ஆறும்போது உருக்கு ஓரளவு சுருங்க, பூச்சு வேறளவு சுருங்க, இடையில் விரிசல் வரும். கையளவு வால்வு வளையத்தில் சமாளிக்கலாம். எரிபொருள் தொகுதிகளைத் தாங்கும் பெரிய வட்டத் தட்டு போன்ற பாகங்களில், முழுவதையும் முன்கூட்டியே சூடாக்கி, ஒட்டி, பிறகு மெல்ல மெல்ல ஆறவிடவேண்டும். அவசரப்பட்டால் செய்த வேலை முழுவதும் வீண். இன்னொன்று, நிக்கலும் முற்றிலும் சுத்தம் அல்ல. முன்னர் சொன்னதுபோல அதிலிருந்தும் கோபாற்று-58 பிறக்கும், மிகச் சிறிதளவு கோபாற்று-60 கூடப் பிறக்கும். ஆனால் 60 வீதம் கோபாற்றாகவே தொடங்கும் உலோகத்தோடு ஒப்பிட்டால் அது வேறு தரம்.

பரிசுக்குத் தெற்கே சாக்ளேயில் உள்ள பிரெஞ்சு அணுசக்தி ஆணையகத்தின் ஆய்வாளர்களும் இதே கொல்மொனோய் வகையை லேசர் ஒளியால் உருக்கி ஒட்டிப் பார்த்தவர்கள். அவர்களும் ஒரு சோடிய உலையை மனதில் வைத்துத்தான் செய்தார்கள். அஸ்ரிட் என்ற அந்தத் திட்டம் 2019 இல் கைவிடப்பட்டது. இரண்டு நாட்டினரும் ஒரே உலோகத்தில் வந்து நின்றது தற்செயல் அல்ல. சோடியத்தில் ஸ்ரெலைட்டுக்குப் பதிலாக நிற்கக்கூடியவை அதிகம் இல்லை.

அப்படியானால் பிரான்சின் பழைய உலைகளில் ஏன் ஒரேயடியாக மாற்றவில்லை? ஸ்ரெலைட் பூசிய ஒரு வால்வு முப்பது, நாற்பது ஆண்டாக ஒழுங்காக வேலைசெய்கிறது என்றால், அதனைக் கழற்றிப் புதிதாக ஒன்றை வைப்பதற்கே பலர் உள்ளே போய்க் கதிர் வாங்கவேண்டும். புதிய உலோகம் ஒருநாள் இறுகினால் பழி யாருக்கு என்ற பயம் அதற்குமேல். ஆகவே எப்படியும் மாற்றவேண்டி வரும் பாகங்களை மாற்றும்போது கோபாற்று குறைந்ததை வைக்கிறார்கள். நீராவிப் பிறப்பாக்கிகளை மாற்றியபோது குழாய்களின் கோபாற்று அழுக்கைக் குறைத்து வாங்கினார்கள். நீரில் மிகச் சிறிதளவு நாகம் கலப்பதும் உண்டு. குழாயின் உட்தோலில் கோபாற்று உட்காரவேண்டிய இடத்தை நாகம் பிடித்துக்கொள்ளும். உலையைத் திறப்பதற்கு முன்னர், சிகை அலங்கார நிலையங்களில் முடியை வெளுக்கப் பயன்படும் அதே ஐதரசன் பேரொட்சைட்டை நீரில் விட்டு, படிந்ததைக் கரைத்து வடிகட்டி எடுப்பதும் வழக்கம். இவை எல்லாம் சேர்ந்து பலன் தந்திருக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஓர் உலையில் ஓராண்டில் வேலைசெய்த அனைவரும் பெற்ற கதிரைக் கூட்டினால் 2 சீவேட்டுக்கு மேல் வந்தது. 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு அது 1 சீவேட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.

இறங்கியதில் ஸ்ரெலைட்டின் பங்கு எவ்வளவு, நல்ல திட்டமிடலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வேலைத்தளத்தில் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது, பழைய உலைகளில் இனி வரும் பலன் பெரிய உலோகக் கண்டுபிடிப்பால் அல்ல, அரைத்த தூளைத் துடைக்கும் அந்தப் பத்து நிமிடத்தால்தான் கூடுதலாக வரும் என்பது. புதிதாகக் கட்டுவதென்றால் கல்பாக்கத்தார் செய்ததுபோல வரைபட மேசையிலேயே முடிவு எடுக்கலாம். கட்டிய பிறகு எடுப்பது ஆயிரம் மடங்கு கடினம்.

நேயர்களில் எவராவது, அல்லது உங்கள் பிள்ளைகளில் எவராவது, ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊடாக அணுநிலையங்களுக்கு வேலைக்குப் போவதாக இருந்தால் ஒரு விடயம். கழுத்தில் தொங்கும் கதிரளவியின் கணக்குகள் உங்கள் பெயரில் 'சிசெரி' என்ற தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. நிறுவனம் மாறினாலும் கணக்கு உங்களோடு வரும். அதனைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வேலைக்கான மருத்துவரிடம் கேட்டால் வழி சொல்வார். மேலே சொன்ன 20 மில்லிசீவேட் என்ற எல்லை தாண்டக்கூடாத சட்ட எல்லை; 6 மில்லிசீவேட்டுக்கு மேல் பெறக்கூடிய தொழிலாளர் முதல் வகுப்பில் பதியப்படுவர். இரண்டாம் வகுப்பினர் அந்த 6 மில்லிசீவேட்டைத் தாண்டமாட்டார்கள் என்று கணிக்கப்பட்டவர்கள். நீங்கள் எந்த வகுப்பில் பதியப்பட்டிருக்கிறீர்கள் என்பதை வேலை தொடங்கும் முன்னரே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.